பின்னால் ஐந்து, முன்னால் இரண்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் போய்விட்டார், என் வீட்டுக்காரர் கியென். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, சூப்பர்மார்க்கெட் வாசலுக்கு வரும் கேசினோ பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். அறுபத்தெட்டு வயதில் வேறு எதற்கும் அந்த ஓட்டம் வருவதில்லை.

சீனப் புத்தாண்டன்று தன் அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தியோடு நின்று, "இனி அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டேன்" என்றவர். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பணம் போனால் போகட்டும், பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்துச் சேர்த்த பென்ஷன், அவருடையது. சத்தியம் செய்த வாய் என்ன ஆயிற்று?

சான் ஹோசேயிலிருந்து அக்கா போன். "மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. வந்துடு பிங். அந்தாளு சீட்டையே கட்டிக்கிட்டு அழட்டும்." முன்னோர் கல்லறையைக் கழுவும் நாள் வரை பார்க்கிறேன், அதற்குள் நிறுத்தாவிட்டால் பெட்டி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனம் மாறாமலிருக்க இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஏப்ரல் நான்கு.

மார்ச் 6, வியாழன்

கேட்டேன், அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று. "ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருப்பேன்" என்றார். சும்மா உட்கார என் வீட்டில் நாற்காலியா இல்லை?

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு முய்யும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். நானும் ஒருநாள் வந்து அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்றேன். சிரித்தாள். "நின்னு வேடிக்கை பாக்க விடமாட்டாங்கடி. உக்காந்தா ஆடணும். உனக்கு ஆடத் தெரியுமா?"

தெரியாதுதான். புத்தாண்டுக்கு என் தம்பிகள் பதின்மூன்று சீட்டு ஆடும்போது நான் அடுப்படியில் இருப்பேன். அந்த ஆட்டத்தில் கியென் சூரர். மற்றவர்கள் விரித்துப் பார்ப்பதற்குள் மூன்று வரிசையும் அடுக்கி வைத்துவிடுவார். இந்த வருடம் கண் வலி என்று உட்காரவே இல்லை. கேசினோ ருசி கண்டவருக்கு வீட்டு ஆட்டம் சப்பென்று ஆகியிருக்கும்!

துணி துவைக்கும் கடையில், எந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, முய் சீட்டைப் பிரித்தாள். ஏழு சீட்டு வரும். ஐந்தைப் பின்னால் வை, இரண்டை முன்னால் வை. எதிராளியிடமும் அப்படியே இரண்டு கை. இரண்டிலும் ஜெயித்தால் ஜெயிப்பு, ஒன்றில் மட்டும் என்றால் யாருக்கும் லாப நஷ்டம் இல்லை. பின்னால் உள்ளதுதான் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். நான் ராஜா ஜோடியை முன்னாலும் ஒன்பது ஜோடியைப் பின்னாலும் வைத்தேன். "போச்சு! கை கெட்டுச்சு! பாக்காமலே தோத்தே!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பிடித்திருக்கிறது. பாகற்காய் சூப் கொதிக்கும்போதுகூட மனதுக்குள் அடுக்குகிறேன். இரண்டு ஜோடி வந்தால் பிரிப்பதா, சேர்த்துப் பின்னால் வைப்பதா? சின்ன ஜோடிகள், கூட ஆஸ் இருந்தால் சேர்த்து வை, ஆஸை முன்னால் தள்ளு. பெரிய ஜோடி என்றால் பிரி. முய்யை நச்சரித்து நச்சரித்துக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவருக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் போனேன். முய் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவர் பக்கத்து மேசையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

என்ன பார்த்தேன் தெரியுமா? ஏழு சீட்டும் வருகிறது. புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியே சீட்டுப் போடும் பெண் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே அடுக்கும்மா" என்கிறார். சோரியா என்று பெயர் குத்தியிருந்த அந்தக் கம்போடியப் பெண், கேசினோ வழக்கப்படி ஐந்து, இரண்டு என்று பிரித்து வைக்கிறாள். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும்.

"மகாராஜா மாதிரி. கை நோகாம ஆடுறாரு பாரு" என்றாள் முய். ராசிக்காகச் சிலர் அப்படிச் செய்வார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடக்கூட ஆசையில்லை, ஆனால் வீட்டில் மட்டும் இருக்க முடியாதா? என்னோடு இருப்பது அவ்வளவு கசக்கிறதா?

மார்ச் 26, புதன்

பார்த்ததைச் சொன்னேன். மறுப்பார், கத்துவார் என்று நினைத்தேன். "நீயும் வந்தியா? சொல்லியிருந்தா பக்கத்துல இடம் போட்டிருப்பேனே" என்கிறார்!

ஏப்ரல் 3, வியாழன்

இன்றே எழுதிவிடுகிறேன்.

இன்று சொல்லிவிட்டே போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோரியா, "மாமி வந்திருக்காங்களா, மாமா இனிமே அடக்கிவாசிக்கணும்" என்று கிண்டல் செய்தாள். அவருக்கு ஒரே பெருமை. என் முறை வந்ததும் முய், "பேங்க் எடுடி, பயந்தாங்கொள்ளி" என்று உசுப்பினாள். எடுத்தேன். அந்தச் சுற்றில் மேசையில் எல்லோரும் எனக்கு எதிராக ஆட வேண்டும், அவரும்தான்.

சோரியா வழக்கம்போல அவர் சீட்டுக்குக் கை நீட்டினாள். "வேணாம்மா. இன்னைக்கு நானே" என்றார். விரித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். மேசையில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவசரமாக வைத்தார்.

முன்னால் ராணி ஜோடி. பின்னால் நாலு ஜோடி.

கை கெட்டது. ரெண்டு ஜோடியையும் பின்னால போட்டிருந்தாலே போதுமே, இவருக்கா தெரியாது? சோரியா மெதுவாக, "மன்னிச்சுக்குங்க மாமா" என்று அவர் பந்தயம் வைத்த சில்லுகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன். அவர் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே தப்பு என்று தெரியாமல். உண்மையாகவே தெரியாமல்.

கண் வலி இல்லை. ராசியும் இல்லை. ஐயோ, நான் எவ்வளவு பெரிய முட்டாள்! இத்தனை நாள் என்னத்தைப் பாத்தேன்?

ஏப்ரல் 4, வெள்ளி

மாமனார் மாமியார் கல்லறையை நான் துடைக்க, அவர் தண்ணீர் ஊற்றினார். முகத்தைப் பார்க்காமலே கேட்டேன், எப்போதிலிருந்து என்று.

"போன வருஷமே. கார எடுத்துக்கிட்டுப் போயி, வீடு எந்தப் பக்கம்னு தெரியாம நின்னேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"வீட்ல நான் பண்ற ஒவ்வொரு தப்பையும் நீ பாப்பே. அங்க பஸ்காரன் கூட்டிட்டுப் போவான், கொண்டுவந்து விடுவான். சீட்டு அடுக்கத் தெரியாதவன் கேட்டா அந்தப் பொண்ணு அடுக்கிக் குடுக்கும். யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க."

"அப்ப அத்தை முன்னாடி பண்ணின சத்தியம்? அதையும் மறந்துட்டீங்களா?"

"அது நல்லா ஞாபகம் இருக்கு பிங். சத்தியத்த மீறுறத விட, வீட்ல இருந்தா நீ கண்டுபிடிச்சிடுவியோன்னுதான் எனக்கு பயம்."

ஆரஞ்சுப் பழங்களைப் படைத்தோம். அவர் சத்தம் போட்டு அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்கா: "அப்ப வரலையா?"

நான்: "வரலை."

"பாவம்டி நீ" என்றாள். போனை வைத்துவிட்டேன். இன்று முழுக்க யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கிறது. அவர்மேல் விழ முடியாது.

மே 6, செவ்வாய்

செவ்வாய்க்கு ஒருமுறை, இருவருமாக, என்று ஒப்பந்தம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு.

மேசையில் உட்கார்ந்ததும் ஏழு சீட்டு வந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு சீட்டை. தள்ளக் கை வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கூச்சம்.

என் சீட்டை மட்டும் விரித்தேன். இரண்டு ஜோடி, கூட ஒரு ஆஸ். என்ன செய்ய வேண்டுமென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூடி, சோரியா பக்கம் தள்ளினேன்.

"எனக்கு நீயே அடுக்கும்மா."

"அடிப்பாவி! இதுக்கா துணி தொவைக்கிற கடையில உக்கார வச்சு என் உசுர வாங்கினே?" என்றாள் முய்.

அவர் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "உனக்கும் தெரியலையா?" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

அவரும் தன் சீட்டைத் தள்ளினார். நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.