துளை அகன்ற ஏடுகளைப் படகேற்றியது குறித்து அமைச்சன் விடங்கன் விடுத்த ஓலை

ஓங்குக தாழைநாடு! குன்றகத்துப் புதுநகரில் வீற்றிருந்தருள்பவரும், பெயர் கேட்ட மாத்திரத்தில் பகைவரைப் பணியவைக்கும் வாளுடையவரும், பன்னிரு காண்டங்கள் கொண்ட 'குன்றக விசயம்' என்னும் பெருங்காவியத்தைத் தம் திருக்கையால் இயற்றியவருமான பெருங்கோ இளவரையர் திருவடிகளுக்கு, பழநகராம் தாழைத்துறையில் ஆற்றங்கரை இடியும் ஓசையை நாள்தோறும் கேட்டிருக்கும் அமைச்சன் கூத்தன் விடங்கன் வணங்கி வரையும் ஓலை. அரசியார் நலம், பட்டத்து யானை நலம் என்னும் நற்செய்தி இவ்வோலைக்கு எதிரே வருவதாகுக. இங்கே ஆறும் மிக நலம். அது நலமாக இருப்பதுதான் நகருக்குக் கேடாக முடிந்திருக்கிறது.

அமைச்சர் ஓலையில் 'நான்' என்னும் சொல் வரலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. ஆதலால் அமைச்சன் செய்த பிழையும் எவனோ ஓர் அமைச்சன் செய்ததுபோலவே இங்கே எழுதப்படும். அந்நெறி வகுத்தவர்களும் அமைச்சர்களே என்பது தேவரீர் அறிந்ததே.

தேவரீர் விடுத்த திருமுகத்தில் கண்ட ஆணை இது: ஆறு அரித்துவரும் அரண்மனைச் சுவடிக்கூடத்து ஆயிரத்து நானூறு சுவடிகளுள் நலமான நூற்றை மட்டும் ஒரே படகில் ஏற்றி, முழுநிலா நாளுக்குள் குன்றகத்துக்கு அனுப்புக, எஞ்சியவற்றை ஆற்றுக்கு அளிக்க, பட்டியல் முன்னதாக வந்து சேர்க, வந்த பட்டியலை மாற்றுபவன் பதவி இழப்பான். ஆணையில் எல்லாம் தெளிவு. நலமான சுவடி எது என்பது ஒன்றுதான் தெளிவில்லை. அதைக் கேட்டால் அறிவிலி என்று பெயர் வந்துவிடுமே என்று அமைச்சன் கேளாமல் இருந்துவிட்டான்.

அமைச்சன் நூல் படிப்பவன் அல்லன். இளமையில் ஒரு நிகண்டைப் பாதி மனப்பாடம் செய்தான். மறுபாதிக்குள் பதவி வந்துவிட்டது. ஆகவே மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குபவனைப் போல் ஒரு விதி வகுத்தான். ஏடு முறிந்திருக்கலாகாது, கறை கூடாது, கயிறு கோத்த துளை அகன்றிருக்கலாகாது என்றான். மூன்று அதிகாரிகள் மேலேடும் கீழேடும் புரட்டிப் பார்த்து, அரை நாளில் நூறு சுவடிகளைத் தேர்ந்தனர். எல்லாம் நேற்று எழுதியவை போல் மின்னின. முதலிடம், சொல்லவும் வேண்டுமோ, 'குன்றக விசயம்'. பட்டியல் அன்றே குதிரையேறிக் குன்றகம் வந்தது. தேவரீரும் மகிழ்ந்து பட்டாடை ஒன்று அனுப்பியருளினீர்கள்.

அந்தப் பட்டாடையை அமைச்சன் உடுத்து அழகு பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான், இருபது ஆண்டுகளாகச் சுவடிக்கூடத்துத் திறவுகோலை இடுப்பில் செருகியிருக்கும் காப்பாளர் வல்லி அம்மையார் வாயிலில் வந்து நின்றார். வாயிற்காவலர் தடுத்தும் நில்லாமல் உள்ளே வந்தார். அமைச்சர் நூறு பிணங்களைப் பொறுக்கியெடுத்துப் பூச்சூட்டி வைத்திருக்கிறார் என்றும், உயிரோடிருப்பவற்றை ஆற்றில் தள்ளப் பார்க்கிறார் என்றும், இதற்குப் பட்டாடை வேறா என்றும் கூறினார். ஒரு சுவடியைப் படிக்கும்தோறும் கயிறு அவிழ்கிறது, ஏடு நகர்கிறது, துளை மயிரிழை அளவு தேய்கிறது. துளை அகன்ற ஏடு பழுதான ஏடன்று, படிக்கப்பட்ட ஏடு. ஊசி நுழைய இடமில்லாத துளையோ, எவனும் அவிழ்க்காத சுவடிக்கு அடையாளம். இதை அறியாமல் நாடாள வந்தீரே என்றும் அம்மையார் சேர்த்துக்கொண்டார். அமைச்சன் சினந்தான், பிறகு வெட்கினான். இரண்டுக்கும் இடையே நெடுநேரம் ஆகவில்லை.

மறுநாள் அமைச்சன் சுவடிக்கூடம் சென்றான். ஒரு நாழிகை இருந்து வருவதாகச் சொல்லிச் சென்றவன் நான்கு நாள் அங்கேயே உண்டான். தேவரீரே, வல்லி அம்மையார் நூல்களைப் புகழ்வதைக் காண்பது பந்தியில் அகப்பட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்; போதும் என்று இலையை மடித்தாலும் விடமாட்டார். கையில் எடுக்கும் ஒவ்வொரு சுவடியையும் இதுவே தலைசிறந்தது என்பார். முதல் நாள் மட்டும் பதினொரு சுவடிகள் தலைசிறந்தவையாக இருந்தன. ஒன்றுக்கொன்று முரணாயிற்றே என்று அமைச்சன் சுட்டியபோது, பிள்ளை பெற்றவளிடம் போய் அப்படிக் கேட்டுப் பாருங்கள் என்று விடை வந்தது.

'வேழநோய் விளக்கம்' என்னும் யானை மருத்துவச் சுவடியின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் காணவில்லை. யானையே அதை மென்றுவிட்டதாம். மருந்து நேரே உள்ளே போயிற்று, யானையும் பிழைத்தது என்பது பாகன் வாதம். எழுத்தறியாத அப்பாகன் சுவடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே எந்த நோய் எந்த ஏட்டில் என்று பிழையின்றிக் காட்டுகிறான். 'அடிசில் மாலை' என்னும் சமையல் நூல் கைபட்டவுடன் மஞ்சள் ஒட்டிக்கொள்கிறது. புளிக்குழம்புப் பகுதியைப் படித்துவிட்டு எழுந்தவர் எவரும் தம் வீட்டுக் குழம்பைக் குறை கூறாமல் இருந்ததில்லையாம். அதனால் ஊரில் விளைந்த பூசல்களைத் தீர்க்கவே காதல் நூல்களை அடுத்த பலகையில் வைத்திருப்பதாக அம்மையார் கூறினார். கடற்பயண நூல் ஒன்றின் முற்பாதி முழுதும் மெய், பிற்பாதி முழுதும் பொய். பிற்பாதியைத்தான் படிக்கவேண்டும், மெய்யை மீகாமன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் துணிபு. கன்னமிடும் கலையை விளக்கும் சுவடியை அதிகம் கேட்டு வாங்குவோர் காவலர்களே; கள்வர்களுக்கு அது முன்பே தெரியும்.

ஆயினும் அமைச்சனை வீழ்த்தியது 'புளியமரத்து முப்பது' என்னும் பேய்க்கதைச் சுவடி. நம் படைத்தலைவர் அதைக் காலையில் வாங்கி, இரு வேல்வீரர்களை அருகில் நிறுத்திப் படித்து, உச்சிப்பொழுதுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். வீட்டில் வைத்திருக்க அஞ்சுவாராம். அமைச்சன் நகைத்தான். சான்றுக்காக மட்டும் படிக்கிறேன் என்று வாங்கினான். அன்று முதல் நட்டநடு வெயிலிலும் அவன் பல்லக்கு புளியந்தோப்பைச் சுற்றிக்கொண்டே செல்கிறது. முப்பதாம் கதையைப் படித்து முடிக்க அஞ்சி, அதில் புளியமரத்தடிக்குப் போன பெண் திரும்பி வந்தாளா என்று அவன் அம்மையாரிடம் கேட்டான். முடிவைச் சொல்லுவது சுவடிக்கூடத்து வழக்கமன்று என்று அவர் திறவுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் அமைச்சன் பட்டியலை மாற்றினான். மாற்றினால் என்ன நேரும் என்பதை அறிந்தே மாற்றினான். துளை அகன்ற சுவடிகளாகப் பார்த்துத் தொண்ணூற்றெட்டைப் படகில் ஏற்றுவித்தான். தொண்ணூற்றொன்பதாவதாக அம்மையார் தேர்ந்தது நிழலளந்து உயரம் காணும் கணக்கு நூல். முற்பகுதி வெறும் வாய்பாடு, நடுவிலிருந்து தொடங்கிப் படிக்கவும் என்று அதன் மேல் குறிப்பும் கட்டினார். மீந்தது ஓர் இடம். அதற்கு இரண்டு சுவடிகள் நின்றன. ஒன்று, கட்டு பெரிதென்று கடைசிவரை ஒதுக்கியிருந்த யானை மருத்துவம். மற்றது தேவரீரின் திருக்காவியம்.

'குன்றக விசயத்தை' எவரேனும் படித்ததுண்டா என்று அவன் மெல்லக் கேட்டான். எந்தக் கேள்விக்கும் உடனே விடையிறுக்கும் வல்லி அம்மையார் இம்முறை முதலில் காவியக் கட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்னர், ஒருவர் படித்திருக்கிறார், அது தாமே என்றார். கூடத்தில் உள்ள எதையும் படிக்காமல் காத்தல் காவலாகாது என்பதால் பன்னிரு காண்டங்களும் படித்தாராம். படையெழுச்சிக் காண்டத்தில் யானைகளை எண்ணத் தொடங்கி, எண்பதாவது யானையில் உறங்கிவிட்டாராம். இது அவர் கூற்று; அமைச்சன் கூற்றன்று.

ஆனால் அம்மையார் அத்துடன் நிற்கவில்லை. கயிற்றை அவிழ்த்து ஒன்பதாம் காண்டத்தின் நடுவிலிருந்து ஓர் ஏட்டை உருவி நீட்டினார். தேவரீரே, அது மற்ற ஏடுகளைப் போல் இல்லை. ஓரம் கறுத்து, மூலை மழுங்கி, துளை சுண்டுவிரல் நுனி புகும் அளவு அகன்றிருந்தது. பாசறை வருணனைக்கு இடையே, பல ஆண்டுகளுக்கு முன் அரசியார் காய்ச்சலில் கிடந்ததைத் தேவரீர் எழுதிய ஏடு அது. முரசும் கொடியும் அதில் இல்லை. இரண்டு அடிகள் மட்டும் கீழே பெயர்த்தெழுதப்பட்டுள்ளன:

கஞ்சி ஆறிற்று; காய்ச்சல் ஆறிலது;
விசிறிய கையை நிறுத்தவும் அஞ்சினேன்.

காய்ச்சலில் கிடந்த மகவுக்கு மருந்து நூல் கேட்டு வந்த படகோட்டி ஒருவனுக்கு, மருந்து நூலோடு இந்த ஏட்டையும் சேர்த்துக் கொடுத்தாராம் அம்மையார். அவன் மனைவி திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வீட்டாருக்கும் வேண்டும் என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அந்த ஏடு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கூடத்தில் தங்கியதில்லை. நோயுள்ள வீடுகளில் அதற்குக் கஞ்சி ஏடு என்று பெயர். தனியேடாதலால் எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. நம்மைப் போல் கஞ்சி காய்ச்சிய எவனோ ஒருவன் என்பது ஊரார் முடிபு. அமைச்சன் அதைப் படித்தான். தன் மனையாளின் கடைசிக் காய்ச்சல் நினைவுக்கு வந்து, அதிகாரிகள் பார்க்கச் சுவடிக்கூடத்தில் அழுதான். இதையும் மறைக்காமல் எழுதுகிறான்.

இனி, ஆணை வேண்டும் பகுதி. தொண்ணூற்றொன்பது சுவடிகளோடு படகு துறையில் நிற்கிறது. காவியத்தின் எஞ்சிய ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஏடுகளும் மிக நலமாக உள்ளன. அவற்றுக்கு எவராலும் எத்தீங்கும் நேர்ந்ததில்லை. அவற்றை ஏற்றுவதா, யானை மென்ற மருத்துவத்தை ஏற்றுவதா என்பதைத் தேவரீரே பணித்தருள்க. பட்டத்து யானையையும் ஒருமுறை திருவுள்ளத்தில் கொள்க. பட்டியலை மாற்றிய குற்றத்துக்கு அமைச்சனின் பதவி மோதிரமும், மடிப்புக் கலைந்த பட்டாடையும் இதனுடன் வருகின்றன. கஞ்சி ஏடும் வருகிறது.

ஞாயிறு காய, ஆறு பாய, தாழைநாடு தழைக்க. இவ்வோலைக்கு அமைச்சன் இலச்சினை ஒன்று. அதன் கீழே, வழக்கத்துக்கு மாறாக, சுவடிக்கூடத்து இலச்சினை மற்றொன்று. இரண்டாவது இலச்சினைக்குரிய கட்டளையை அம்மையார் சொல்லச் சொல்ல அமைச்சன் எழுதுகிறான். கூடத்து விதி குடிக்கும் கோவுக்கும் ஒன்றே. படித்தபின் ஏட்டை மூன்று நாளில் திருப்பி அனுப்புக. அதற்காக இன்னும் பதினொரு வீட்டார் காத்திருக்கிறார்கள்.