ஜூலியாவுக்காக அப்பா இருந்த உண்ணாவிரதம்

தியாகதுருகம்
பொங்கல் கழிந்த வாரம், 2021

அன்பு மகள் ஜூலியாவுக்கு அம்மா எழுதுவது. மாதா கருணையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரையும் கோபமும் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, ஒன்றுக்கு மாத்திரை கொடுக்கிறேன், இன்னொன்றுக்கு மாத்திரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கால்கரிப் பனியில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் நீ மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதோடு இங்கே நடந்ததை நீ வேறு யார் வாயிலாவது கேட்டு, பெற்றவர்கள் இருவரும் போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள் என்று பயந்துவிடக் கூடாது. பேப்பரில் படம் வேறு வந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உங்கள் கம்பெனியில் இனிமேல் யாரும் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அந்த ஊர்ச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியவர்தான் இன்ஜினியர், நீங்களெல்லாம் டெவலப்பர் என்று சொல்லிவிட்டார்கள் என்று செய்தி அனுப்பினாயே, அதை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படித்துக் காட்டினேன். கடைசியில் நீ எழுதியிருந்த 'அப்பா சந்தோஷப்படுவார், சொல்லிடு' என்பதை முழுங்கிவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் வாய் முந்திக்கொண்டது. உன் அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நானும் நினைத்தேன். ஓய்வு பெற்ற பொறியாளர் சங்கத்துக்குச் செயலாளரானதும், சங்கத்துச் சுவரில் எழுதும் ஊர்ப் பொறியாளர்கள் பெயர்களில் கம்ப்யூட்டர் ஆட்களுக்கு இடமில்லை என்று விதி போட்டு, முதல் ஆளாகப் பெற்ற மகள் பெயரையே அடித்தவர் அவர். நீயும் அந்தச் சுவரின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவரிடம் பேசுவதில்லை, என்னிடம்தான் 'அவர் மாத்திர போட்டாரா' என்று கேட்கிறாய். ஆனால் அன்றைக்கு மனுஷர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "எம்பொண்ண இன்ஜினியர் இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு பாத்தியத இருக்கு. பெத்தவன், சொல்லுவேன். இந்தக் கனடாக்காரன் யாரு நடுவுல?" என்று எழுந்தார் பார், ரசம் கூட ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கனடாக்காரன் மேல் எழுதிய மனுவுமாகக் கள்ளக்குறிச்சிக் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது இங்கே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிறது உனக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டையில் மறியல் என்றால் இங்கே பஸ் நின்றுவிடும், எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் மனுக் கொடுக்கும் கூட்டமும் போலீஸ் வேனும்தான். அந்தக் கூட்டத்தில் நின்று உள்ளே போய் நீட்டினால், அங்கிருந்த கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, "விழுப்புரத்துல இருந்து மாவட்டத்தப் பிரிச்சப்போ கனடா நம்ம பக்கம் வரலீங்களே பெரியவரே" என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கு வந்ததை அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். இதற்குள் நான் கோயிலில் இரண்டு பேரிடம் ஜூலியா இப்போது டெவலப்பர் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். நம் ஊரில் டெவலப்பர் என்றால் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் விற்கிறவர்தானே. "இன்னாக்கா, ஜூலியா கனடாவுல பிளாட்டு போட்டுக்கினு கீதாமே, நமக்கு ஒரு கார்னர் பிளாட்டு சொல்லி வையி" என்று பக்கத்துத் தெருவிலிருந்து கொளஞ்சியம்மாள் வந்து நிற்கிறாள். இல்லையம்மா என்று சொன்னால், நாம் தர மனசில்லாமல் மறைக்கிறோம் என்று நினைக்கிறாள்.

கனடாவை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனதும் அப்பாவின் கோபம் சங்கத்தின் மேல் திரும்பியது. உரக்கடை மாடியில் இருக்கும் சங்கத்துக்குப் போய், நம் விதியை மாற்றுங்கள், சாப்ட்வேர் பிள்ளைகளையும் சேருங்கள் என்று கேட்டிருக்கிறார். தலைவர் சின்னராசு சாரை உனக்குத் தெரியும், மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு எப்போதும் ஷாக் அடிக்கிற மாதிரிதான் இருக்கும். "ரூல் போட்டதே நீங்க சார். கம்ப்யூட்டர்காரன்லாம் இன்ஜினியர்னா கால்குலேட்டர் வச்சிருக்கிறவன்லாம் கணக்கு வாத்தியாரான்னு கேட்டதும் நீங்க. நானு கைதட்டினேன், அவ்ளதான்" என்று சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பிடிப் பாத்தா நீங்களே டிப்ளமாதான சார், ஓவர்சியராத்தான சேந்தீங்க" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டார். அப்பாவுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று நமக்குத்தான் தெரியும். மலையில் ரோடு போட்ட காலமெல்லாம் பட்டம் படித்து வந்த சின்னப் பையன்கள் ஓவர்சியர் ஓவர்சியர் என்று கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர் அவர். இன்ஜினியர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவர் ஏன் இப்படிக் காவல் நிற்கிறார் என்பது உனக்கும் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தவர் என்னிடம், "இஞ்ஞாசி, நாளைக்கு சங்கத்து வாசல்ல குந்தறேன். உண்ணாவிரதம்" என்றார். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இருக்கட்டும், ஆனால் அவ்வப்போது பிஸ்கட் சாப்பிட வேண்டும் என்றார். அதனால் உன் அப்பா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, அதற்கு உள்ளேயே பிஸ்கட் தின்றுகொண்டு உண்ணாவிரதம் இருந்தார். கொரோனாவால் வந்த நன்மை இது ஒன்றுதான்.

மாடிப்படிக்குக் கீழே உரமூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்தார் கரியாலூர் வேடியப்பன். அப்பா அந்தப் பக்கம் ஓடைப்பாலம் கட்டிய காலத்துச் சிநேகிதர். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை, "இன்ஜினியர் ஐயா குந்தினா நானும் குந்தறேன், இன்னா சேதின்னு அப்பால கேட்டுக்கறேன்" என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் ஆனதும் கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் வந்ததும் போலீஸ் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், பாவம், பொங்கல் லீவு கூட இல்லாமல் மறியலுக்கும் மனுவுக்கும் ஓடி ஓடிக் களைத்த முகம். "பெரியவரே, நீங்க எந்த சங்கம், எத்தினி சதவீதம் கேக்கறீங்க?" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "நூறு சதவீதம்" என்றார். "யாருக்கு?" என்றார் அவர். "சாப்ட்வேர்காரங்களுக்கு" என்றார் அப்பா. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, எங்கள் ஸ்டேஷன் லிஸ்டில் இந்தப் பிரிவே இல்லையே என்று யாருக்கோ போன் போட ஓரமாகப் போய்விட்டார். இதையெல்லாம் ஒரு நிருபர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

மத்தியானம் நான் மோர் கொண்டுபோனபோது சின்னராசு சார் மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, முந்தின நாள் சொன்னதுக்கு வருத்தப்பட்டுத்தான் வந்திருந்தார், ஆனால் வாதத்தை விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார், நான் ரூல மாத்திடறேன். பாலம் வுழுந்தா உங்க மேல கேஸு. லைன் அறுந்து ஆளு செத்தா எம்மேல கேஸு. புரோகிராம் வுழுந்தா இன்னா பண்ணுவாங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. லோடு லாரி முதல்ல ஏறினப்போ நீங்க பாலத்துக்கு அடியில போயி நின்னீங்க, இன்ஜினியர்னா அடியில நிக்கணும்னு நீங்கதான சொல்லிக்கினு திரிஞ்சீங்க. உங்க பொண்ணு எதுக்கு அடியில நிக்கும்?" என்றார். அப்பா சொன்னதையே அப்பா மேல் திருப்பிவிட்டார். வேடியப்பன் வேறு, "ஆமா, நின்னாரு, நானு பாத்தேன்" என்று நேரம் தெரியாமல் சாட்சி சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை ஜூலி. அதனால்தான் நீ என்னிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

மோர்ச் செம்பைக் கீழே வைக்காமலே சொன்னேன். எம்பொண்ணு கம்பெனி ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறது, பச்சைக் குழந்தையின் எடையைப் பவுண்டில் போட்டால் அது கிலோ என்று எடுத்துக்கொண்டு மருந்தை ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிவிடும் என்று இவள் கண்டுபிடித்தாள், கிறிஸ்துமஸுக்குள் அனுப்பியே ஆகவேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி நின்றார், என் பேரில் இது வெளியே போகாது என்று இவள் மறுத்துவிட்டாள், அதனால் வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போனது, இவள் கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூடப் போகாமல் அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் அனுப்பினாள் என்றேன். கேக் கூட வெட்டவில்லையாம் என்றும் சொன்னேன், அது தேவையில்லாததுதான், ஆனால் எனக்கு அதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது. பிறகு சின்னராசு சார், "அப்பறம் யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். "அடியிலதான் நின்னுக்கினு இருந்திருக்குது சார் அந்தப் பொண்ணு" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார். வேடியப்பன் அப்போதுதான், "நாம எதுக்கு ஐயா குந்திக்கினு கீறோம்?" என்று கேட்டார்.

உண்ணாவிரதம் மோரோடு முடிந்தது. சங்கத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பிள்ளைகளையும் சேர்க்கலாம், ஆனால் பிள்ளை மேலதிகாரியிடம் முடியாது என்று சொன்ன ஒரு சம்பவத்தையாவது பெற்றோர் வந்து சொல்ல வேண்டும் என்று சின்னராசு சார் ஒரு நிபந்தனை போட்டார். இப்போது ஊரில் ஐ.டி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் உரக்கடை வாசலில் நிற்கிறார்கள். ஒருத்தர், என் மகன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமுடியாது என்று சொன்னான், அது சேருமா என்று கேட்டாராம். பேப்பரில் மறுநாள் 'மென்பொருளாளர்களுக்கு நூறு சதவீத இட ஒதுக்கீடு கேட்டு தம்பதி உண்ணாவிரதம்' என்று வந்துவிட்டது. படத்தில் நடுவில் வேடியப்பன், ஓரத்தில் செம்போடு நான், அப்பாவின் கன்னம் ஒரு பக்கம் பிஸ்கட்டால் உப்பியிருக்கிறது. எலவனாசூர்கோட்டைப் பெரியம்மா, இந்த வயசில் உனக்கு எதற்கடி அரசியல் என்று போனில் ஒரு மூச்சு அழுதுவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "எங்கிட்ட ஏன் சொல்லல அது?" என்றார். நீங்கள் கேட்டதே இல்லையே என்றேன். நீ எப்போது போன் பண்ணினாலும் சாப்பிட்டாளா, குளிரா என்றுதான் என் மூலமாகக் கேட்பாரே தவிர, அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இப்போது காலையிலிருந்து ஒரே கேள்வி. அந்த மெஷினுக்குப் பவுண்டு என்று எப்படித் தெரியும், கரண்ட் போனால் என்ன ஆகும், நர்ஸ் தப்பாக அழுத்தினால் யார் தடுப்பது என்று என்னைப் பிடித்துக் கேட்கிறார். எனக்கு மிக்ஸியே சரியாக ஓட்டத் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் அவரைப் பற்றிக் கேட்காமல், அவரையே கூப்பிடச் சொல்லு. அவராக வரமாட்டார், பக்கத்திலேயே நின்று பேப்பர் படிக்கிற மாதிரி நிற்பார். அந்த ஊர்ச் சட்டத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டார், லைசென்ஸ் என்று ஒன்று வைத்திருப்பது நல்ல சட்டம்தான், இங்கேயும் வேண்டும் என்கிறார், அந்தப் பரீட்சையை நீ எழுதினால் என்ன என்றும் கேட்கிறார். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் விசிட்டிங் கார்டில் கம்பெனிக்காரர்கள் எதையாவது போட்டுக்கொள்ளட்டும், நீ மட்டும் வேலையில் அப்படியே இரு.

வேடியப்பன் கொடுத்த சாமை இதோடு வருகிறது, கஞ்சி வைத்துக் குடி. காதை மூடாமல் வெளியே போகாதே, ஈரத்தலையோடு படுக்காதே. மாதா உன்னைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்கட்டும். ஒன்றை மறக்காதே, நீ பிரித்த பார்சலின் மேல் அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதே. விலாசத்தை அப்பாதான் எழுதினார், பெரிய ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, உன் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று இங்கிலீஷில் முழுசாக எழுதியிருக்கிறார். அந்த ஊர்ச் சட்டப்படி அது தப்பாயிற்றே என்றேன். "எழுதினது நானு, வந்து என்னப் புடிக்கட்டும்" என்றார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
அ. இஞ்ஞாசியம்மாள்