தார்ப்பாய் மூடிய வண்டி

விருத்தாசலம்
ஞாயிறு

இனியாவின் அப்பாவுக்கு, பூங்கோதை வணங்கி எழுதுவது. கடலூர் ஜெயிலில் சோறு எப்படியோ, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நல்லாயிருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் தம்பி நந்தகுமாருக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கட்டட இடிபாட்டை ஏரியில் கொட்டாதே என்று மறித்ததற்கு, கான்ட்ராக்டர் தனக்கோடியின் ஆட்கள் இரும்புப் பைப்பால் அடித்த அடியில் எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. கட்டை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து, "அண்ணி, மிஷினு சத்தம் கேட்டாதான் எனக்கு வலி தெரியல" என்கிறான். கிறுக்கன்.

போன வாரம் அவர்கள் மறுபடி வந்தார்கள். இடிபாட்டை அரைத்து நாம் வார்த்து வைத்திருந்த பேவர் கல்லையெல்லாம் கடப்பாரையால் உடைத்தார்கள். ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்து ஜல்லிக் குவியலில் தள்ளினான். வாயெல்லாம் ரத்தம். போலீசில் எழுதிக் கொடுத்தேன், அவனைப் பிடித்துவிட்டார்கள். உடைந்த கல்லை மறுநாளே மிஷினில் போட்டு அரைத்து வார்த்துவிட்டோம். நம் தொழிலில் அது ஒரு வசதி, எவன் எதை உடைத்தாலும் நமக்குச் சரக்குதான்.

இதைப் படித்துப் பல்லைக் கடிப்பீர்கள். மனு போட்டுப் பார்க்க வந்தபோதே, "வெளிய வந்ததும் தனக்கோடி கழுத்த எடுப்பேன்" என்றீர்கள். உங்கள் ஆத்திரம் போன தடவை யார் மேல் விழுந்தது? கோபித்தாலும் சரி, சொல்கிறேன். ஏரிக்குத் திருட்டுத்தனமாகப் போகிற டிப்பர்தான் தார்ப்பாய் மூடிப் போகும், நம்மிடம் வருவது திறந்தே வரும். அது இத்தனை நாள் பழக்கம். பழைய ஆஸ்பத்திரியை இடித்து, புதுசுக்கு நம் கல்லை வாங்க ஒப்புக்கொண்ட கட்டடக்காரர்கள், தூசி பறக்கக் கூடாது, இடிபாட்டை மூடித்தான் அனுப்புவோம் என்று புதிதாகச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. மூடிய வண்டியைக் கண்டதும் உடைந்த பீங்கான் இன்சுலேட்டரைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தீர்கள். நமக்கே சரக்கு கொண்டுவந்த டிரைவர் மாணிக்கவேலுக்கு ஒரு கண் போயிற்று. "அண்ணே, உங்களுக்குத்தாண்ணே கொண்டாந்தேன்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் அலறியது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அவர் பெண்சாதி அமிர்தம் வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். "அவரால இனி வண்டி ஓட்ட முடியாதுங்க. எனக்கு வேல குடுங்க" என்றாள். இப்போது நம் வாசலில் உட்கார்ந்து செங்கல், பீங்கான், கம்பி என்று தரம் பிரிக்கிறாள். மதியம் அவர் சோறு கொண்டுவருகிறார். இனியாதான் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைக்கிறாள்.

வியாழக்கிழமை ஜாமீன் கிடைக்கும் என்கிறார் வக்கீல். பரண்மேல் சாக்கில் சுற்றி அரிவாள் வைத்திருந்தீர்களே, அதை இடிபாட்டில் உருவின கம்பியோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். தேட வேண்டாம். தனக்கோடி மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் முறையீட்டைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டியிருக்கிறேன். கோர்ட்டும் சாமியும் பார்த்துக்கொள்ளட்டும்.

அமிர்தமும் அங்கே ஒரு பிராது கட்டியிருக்கிறாளாம், உங்கள் மேல். வாபஸ் வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது நான் கேட்கக் கூடியது இல்லை. பட்டறைக்கு அந்த ஒரு வாசல்தான். அவள் முன்னால் போய் நில்லுங்கள். அப்புறம் உள்ளே வாருங்கள், சோறு வைத்திருப்பேன்.

வழி பார்த்திருக்கும்
பூங்கோதை