சக்களத்திக்கு ஏத்த எண்ணெய்

10 ஜனவரி 1955, திங்கள். கந்தப்பளை

இன்னைக்கும் வண்டியில புகை. மேட்டுல ஏறும்போது பின்னால வந்த பஸ்காரன் பட்டப்பகல்ல விளக்கைப் போட்டுட்டான். கொழுந்து எடுக்கிறவளுக மூக்கைப் பொத்திக்கிட்டு, சாமி ஊர்வலம் போகுது, சாம்பிராணியப் பாருங்கடின்னு சிரிச்சாளுக. விபூதி வேணுமான்னு நானும் கேட்டேன்.

சிரிக்கலாம். ஆனா பொழப்பே இந்த ஆஸ்டின் காரை வாடகைக்கு ஓட்டுறதுதான். தோட்டத்துத் துரை சீமைக்குப் போகையில எனக்கு விட்டுட்டுப் போனது. வண்டிக்கு வயசு இருபத்தேழு. என் பொஞ்சாதி வேலாயி இதுக்கு வச்ச பேரு சக்களத்தி. நான் இவளைத் துடைச்ச மாதிரி அவளைத் துடைச்சதில்லையாம்.

கடை வச்சிருக்கிற மர்சூக் நானா கூப்பிட்டு அனுப்பினார். இருபத்தி மூணாம் தேதி மகள் அசீசாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ராத்திரி மெயில் ரயில்ல வந்து காலையில நானுஓயாவுல இறங்குறாராம். துரை ஏறின வண்டியிலதான் வரணுமாம். தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

வேலாயி சிரிக்கல. "மாப்பிள்ளைய நடுரோட்டுல எறக்கிவிட்டா ஊர்ல தலை காட்ட முடியாதுங்க. அன்னைக்கு இவ நின்னான்னா வித்துட்டு தேயிலை ஸ்டோர்ல வேலை கேளுங்க."

சரின்னு கையில அடிச்சுக் குடுத்தேன். ஏன் குடுத்தேன்?

12 ஜனவரி

இஞ்சின் தேய்ஞ்சு போச்சு, எண்ணெயை மாத்துன்னு ஊரே சொல்லுது. எந்த எண்ணெய்? அங்கதான் சண்டை. மெக்கானிக் முத்துலிங்கம் முப்பதாம் நம்பர் இளகின எண்ணெய்ங்கிறான், குளிருக்கு அதுதானாம். மர்சூக் நானா ஐம்பதாம் நம்பர் கெட்டி எண்ணெய்ங்கிறார், தேய்ஞ்ச இரும்புக்கு அதுதான் மெத்தையாம். கல்யாணம் பேசுறாப்புல ரெண்டு பேரும் என்னை நடுவுல உக்கார வச்சுட்டாங்க. முதல்ல இளகின எண்ணெய் ஊத்தினேன்.

13 ஜனவரி

காலையில சக்களத்தி ஹேண்டில் ஒரே சுத்துல கிளம்பினா. நானுஓயா ஏத்தத்துல பாதி வழியில டொக்கு டொக்குன்னு தட்ட ஆரம்பிச்சா, எண்ணெய் அழுத்தம் காட்டுற முள்ளு படுத்துருச்சு. புகை முன்னைக்கு ரெண்டு பங்கு.

14 ஜனவரி

பொங்கல். பால் பொங்குச்சு. வண்டி புகைஞ்சுது.

17 ஜனவரி

கெட்டி எண்ணெய் ஊத்தி மத்தியானம் ஏத்தம் ஏறினேன். புகை இல்ல, தட்டல் இல்ல. முத்துலிங்கம் பட்டறை வாசல்ல வேணும்னே மூணு தடவை ஹார்ன் அடிச்சேன்.

18 ஜனவரி

ஹார்ன் அடிச்சிருக்கக் கூடாது. விடியக்காலை புல்லெல்லாம் வெள்ளை, உறைபனி. உள்ள எண்ணெய் களி மாதிரி ஆயிருச்சு. ஹேண்டில் அசையல, அசைஞ்சப்ப திருப்பி அடிச்சுது. மணிக்கட்டு வீங்கியிருக்கு. இடது கையால எழுதுறேன், கோழி கிளறின மாதிரி இருக்கு. முத்துலிங்கம் வந்து பாத்துட்டு, "அண்ணே, இப்ப ஹார்ன் அடிங்களேன்"னு கேட்டுட்டுப் போறான்.

19 ஜனவரி

ரெண்டையும் பாதிக்குப் பாதி கலந்தேன். காலையிலயும் மக்கர், ஏத்தத்துலயும் புகை. ஸ்டோர்ல என்ன வேலை குடுப்பாங்க? அடுப்புல விறகு போடவா?

20 ஜனவரி

தலைக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்தா போத்தல்ல கல்லாட்டம் இருக்கு. எல்லா எண்ணெயும் என் மேல கோவமா இருக்குன்னேன். வேலாயி போத்தலைப் பிடுங்கி அடுப்போரம் வச்சா.

"இது தினம் கட்டிக்குது. அதுக்காக எண்ணெயவா மாத்துறேன்? சூடு காட்டினா வழிக்கு வருது."

என்னைக் குத்தத்தான் சொன்னா. சொல்லிட்டு அவளே நின்னுட்டா. எனக்கும் வண்டி எண்ணெய் ஞாபகம் வந்துச்சு.

சாயந்திரம் திரும்பக் கெட்டி எண்ணெய் ஊத்தி ஓட்டிட்டு வந்து, வண்டி அடி நட்டைக் கழட்டி அத்தனையும் டின்னுல வடிச்சேன். டின் இப்ப அடுப்போரம். சக்களத்திய நான் வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டேங்கிறா.

21 ஜனவரி

வெதுவெதுன்னு இருந்த எண்ணெயை ஊத்தினேன். வெளிய பனி. ரெண்டாவது சுத்துல கிளம்பிட்டா. வேலாயி, வேலாயின்னு கத்தினேன். பக்கத்து லயத்து வீட்டு ஆளுகளெல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க.

23 ஜனவரி, ஞாயிறு

ஜெயிச்சாச்சு.

இருட்டோட கிளம்பினா, ஒரே சுத்து. ஸ்டேஷன்ல மாப்பிள்ளை, மாமன், ரெண்டு பெட்டி, ஒரு பானை வட்டிலப்ப இனிப்பு, அத்தனையும் ஏத்தினேன். ஏத்தத்துல ஒரு புது கார் ஆவி விட்டுக்கிட்டு ஓரமா நின்னுச்சு. சக்களத்தி அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. புகையே இல்ல. மாப்பிள்ளை என்ன எண்ணெய்னு கேட்டார். மர்சூக் நானா எண்ணெய், என் பொஞ்சாதி அடுப்புன்னேன்.

பந்தல் வாசல்ல வேலாயி நின்னா. முந்தானையால முன் கண்ணாடியத் துடைச்சா. அவ அந்த வண்டியத் தொட்டு நான் பாத்ததே இல்ல.

அப்புறம் முத்துலிங்கத்தைத் தேடிப் பிடிச்சு மூணு தடவை ஹார்ன் அடிச்சேன்.

6 பெப்ரவரி

அடுப்போரம் நாலு டின். ஒண்ணு நம்மளது, ரெண்டு கார் ஸ்டாண்டுக்காரங்களது, ஒண்ணு முத்துலிங்கம் லாரியோடது. இது அடுப்பா பட்டறையான்னு வேலாயி சத்தம் போடுறா. ஆனா எந்த டின் யாரோடதுன்னு சுண்ணாம்புல புள்ளி வச்சிருக்கிறது அவதான்.

தேங்காய் எண்ணெய் போத்தலுக்கு அங்க இடமில்ல. வாசப்படியில கட்டியா கெடக்கு. நாலு நாளா வறட்டுத் தலையோடதான் ஓட்டுறேன்.