ரிஜெக்ட் ஆன டேப்

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் அழகாக்க மாட்டேன். உங்களுக்காக எதையும் மறைக்கவும் மாட்டேன். உங்கள் படத்துக்கு மாலை போட்ட நாளிலிருந்து எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்கிறார்கள். வீட்டில் ஒருத்தியாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

என் விரல்களில் ஈயம் பற்றவைத்த வாசனை இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குங்கிலியத்தோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் புகைத்தது போன்ற வாசனை. நம் வெள்ளைக் காரின் பின்விளக்குகளை நான்தான் சரிசெய்தேன். அந்தக் காரை எடுத்துக்கொண்டு அம்மா கொமரலிங்கம் போயிருக்கிறாள். அங்கே வீடுகளில் பிசிறு வெட்டக் கொடுத்திருந்த பனியன்களை வாங்கிக்கொண்டு, நீங்கள் வந்த அதே சாலையில், வெளிச்சம் மங்குகிற அதே நேரத்தில் திரும்பி வந்துகொண்டிருப்பாள். மாடிப்படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு தனியாகப் போகும் முதல் நடை இது.

விடுமுறை நாட்களில் நீங்கள் வேலை செய்த பனியன் கம்பெனிக்கு என்னைக் கூட்டிப் போவீர்கள். செக்கிங் மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நான் கதைப் புத்தகம் படிப்பேன். நீங்கள் ஒவ்வொரு பனியனாக ட்யூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடிப்பீர்கள். பிழை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி இடது பக்கம் போடுவீர்கள். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். நான் கேட்டபோது துணியை என் மூக்கருகே கொண்டுவந்து, மயிரிழை போல மேலிருந்து கீழ்வரை இறங்கிய ஒரு கோட்டைக் காட்டினீர்கள்.

"மிசின்ல ஒத்த ஊசி ஒடஞ்சிருக்குது கண்ணு. ஒத்த ஊசிதான். துணி பூராக் கோடு உழுந்துருச்சு பாரு."

அன்று ஒரு பண்டல் முழுவதையும் திருப்பி அனுப்பினீர்கள். டெய்லர் அக்கா ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்ணா, சட்டைக்கு உள்ள போடற பனியனுங்க. அதை எவன் பாக்கப் போறானுங்க?"

"போடறவன் பாப்பானல்லோ" என்றீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அக்கா பண்டலைத் தூக்கிக்கொண்டு, "இவரு ஊட்டுல சோத்துக்கும் அம்பு ஒட்டுவாராட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல் லைனே சிரித்தது. எனக்கு அன்று உங்களை நினைத்து எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமைதான் இப்போது கோபமாக மாறியிருக்கிறது.

அந்த மேசைக்குத்தான் இரவில் சாலை வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஜாக்கெட் ஆர்டரும் வந்தது. வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும் வெள்ளி டேப்பை அதில் தைக்க வேண்டும். துவைத்துப் பார்த்தபோது டேப் மங்கிவிட்டது. ரிஜெக்ட் என்று எழுதியது நீங்கள்தான். "இதை நம்பி ஒருத்தன் ரோட்டுல நிப்பான்" என்று வீட்டில் அம்மாவிடமும் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் காரின் பின்விளக்கு கெட்டது. நமக்கு முன் கார் வைத்திருந்தவர் அழகுக்காகப் பொருத்திய எல்.இ.டி விளக்கு அது. முதலில் இடது பக்கத்தில் இருந்த இரண்டு வரிசையும் அணைந்தன. பிறகு வலது பக்கம் முழுவதும் இருண்டது. நான் சொன்னேன். "ஷிப்மென்ட் போகட்டும் சாமி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அடுத்த வாரமும் ஒரு ஷிப்மென்ட் இருந்தது. இந்த ஊரில் ஷிப்மென்ட் இல்லாத வாரம் எது? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒதுக்கிப் போட்ட அந்த டேப் ரோலைக் கொண்டுவந்து, விளக்குகளுக்குக் கீழே பம்பரில் நீளமாக ஒட்டினீர்கள். வெட்டிய ஓரம்கூடப் பிசிறில்லாமல் நேராக இருந்தது.

"தொவைச்சா மங்கிரும்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"காரை யாராச்சும் மிசின்ல போட்டுத் தொவைப்பாங்களா?"

சிரித்தீர்கள். "பொடனில கண்ணு வெச்சுட்டா வண்டி ஓட்டறோம்? முன்னாடி பாத்து ஓட்டுனாப் போதும் கண்ணு" என்றீர்கள்.

காரை மழை துவைத்தது அப்பா. அந்த ஐப்பசி முழுக்கத் துவைத்தது.

அன்றும் தூறல். கொமரலிங்கத்திலிருந்து வரும் வழியில், காரின் மேல் கட்டியிருந்த பண்டல்கள் நனையாமல் இருக்க, ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினீர்கள். பின்னால் வந்த டெம்போ உங்களை இடித்தது. காருக்கு ஒரு கீறல்தான். பனியன்கள் நனையவில்லை என்று அடுத்த நாள் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், அதுவும் ஏதோ ஆறுதல் என்பதுபோல.

டெம்போ ஓட்டியவரை ஆஸ்பத்திரி வாசலில் நம் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "பின்னாடி லைட்டே எரியலய்யா. சத்தியமா ஒண்ணுமே தெரியலய்யா." யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். எனக்குத் தெரியுமே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லோரும் விதி என்றார்கள். விதிக்கு நான் என்ன அம்பு ஒட்டுவது?

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கொமரலிங்கம் நடையைத் தானே ஓட்டுவது என்று முடிவு செய்தாள். நேற்று சித்தப்பா வந்தார். கையில் ஒரு ரோல். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"அண்ணி, அண்ணன் ஒட்டுனது பழசாப் போச்சு. கம்பெனில இன்னும் கெடந்துதுங்க, எடுத்தாந்துட்டேன். புதுசா ரெண்டு வரி ஒட்டியுட்டர்றேன். லைட்டெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

நான் ரோலை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். சாவி என் பாவாடைப் பையில் இருந்தது. விளக்கு எரியாமல் சாவி கிடைக்காது என்றேன்.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏங்கண்ணு, நீ என்ன பெரிய இஞ்சினியரா?"

"இல்லீங் சித்தப்பா. ஒம்பதாவது."

"அப்பப் போயிப் படி."

"படிச்சுட்டுத்தானுங் வந்திருக்கறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அவள் என்னை அடக்குவாள் என்று நினைத்திருப்பார். அம்மா உள்ளே போய் ஸ்டீம் அயர்னை எடுத்துக்கொண்டு வந்தாள். "எங்கே சூடு காட்டோணும், சொல்லு" என்றாள் என்னிடம்.

விளக்கைக் கழற்றுவது எளிது. சிவப்புக் கண்ணாடியைப் பிரிப்பதுதான் கடினம். சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் பனியன் துணியை மடித்து வைத்து அம்மா அயர்னை அழுத்த அழுத்த, பசை இளகியது. நான் தோசைக் கரண்டியால் நெம்பினேன். உள்ளே செம்மண்ணும் செத்த எறும்புகளும். உங்கள் ரிமோட் சாவியைத் திறந்து பட்டன் செல்லை எடுத்தேன். அதில் இரண்டு ஒயர் துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொரு எல்.இ.டியின் கால்களிலும் தொட்டுப் பார்த்தேன். உயிரோடு இருப்பது லேசாகச் சிவக்கும். செத்தது சும்மா இருக்கும். மூன்று மூன்றாக ஒரே வரிசையில் கோத்திருக்கிறார்கள். அதனால் ஒன்று செத்தால் மற்ற இரண்டும் நன்றாக இருந்தும் எரியாது. ஒத்த ஊசி என்று சொன்னீர்களே, அதேதான். இடது விளக்கில் செத்தவற்றின் பக்கத்தில் உங்கள் சிவப்பு அம்புகளை ஒட்டினேன். இரண்டே இரண்டு அம்புகள். கடையில் வாங்கி வந்த புதியவற்றை, நீளமான கால் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கிய சால்டரிங் அயர்ன் ஒருமுறை கையைச் சுட்டது.

பிறகு வலது விளக்கைத் திறந்தோம். சாலைப் பக்கம் உங்களை இருட்டில் நிறுத்தியது அதுதான். ஒவ்வொன்றாகத் தொட்டேன். சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. கடைசிவரை எல்லாமே சிவந்தன. அதில் ஒன்றுகூடச் சாகவில்லை அப்பா. கரண்ட் வரும் ஒயர் சேரும் இடத்தில் ஈயம் விரிசல் விட்டு ஒயர் கழன்றிருந்தது. அவ்வளவுதான். ஒரு சொட்டு ஈயம். நான் அம்பு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன் என்று நினைத்தேன். ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். "ஊரான் பனியனுக்குப் பாத்தாரே, நமக்குப் பாத்தாரா" என்று கத்தினேன்.

அம்மா அயர்னைக் கீழே வைத்துவிட்டு, பம்பரில் நீங்கள் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி முழுவதும் உரித்தாள். பசைத் தடம் போகவில்லை. அது இப்போதும் நேராகத்தான் இருக்கிறது.

அந்த ஒரு சொட்டை நான் வைத்தேன். சாயங்காலம் அம்மா விளக்குகளைப் போட, நான் தெருமுனை வரை பின்னால் நடந்துபோய், டெம்போக்காரர் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் உங்கள் அம்பு ரோல் என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் எங்கே பிழை என்று கண் தேடுகிறது. போடறவன் பாப்பானல்லோ என்று காதில் கேட்கிறது. அந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தவரும் நீங்கள்தான். உங்கள் மேல் கோபப்படவும் அதைத் தவிர எனக்கு வேறு கண் இல்லை.

தெருமுனையில் கார் திரும்புகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். அம்மா வீட்டைத் தாண்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். அவள் தாண்டியபோது பின்விளக்குகள் இரண்டும் முழுதாக எரிந்தன, ஒரு வரிசைகூட விடாமல். மேலே பண்டல்கள்.

"பொறத்தால வந்தவனெல்லாம் நல்லா ஒதுங்கித்தான் போனான் கண்ணு" என்றாள் இறங்கி. பிறகு சட்டென்று நினைவு வந்தவளாக மறுபடி உள்ளே கை நீட்டி, விளக்குகளை அணைத்தாள்.