வலப்பக்கம் வந்த பந்துகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

கவலைப்பட ஒன்றுமில்லை, சிரிக்க ஒரு சங்கதி. என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன் மூன்று மாதமாக எனக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். இடப்பக்கம் வரும் பந்தைத் தள்ளும் பேக்ஹேண்ட் மட்டும்தான். வலப்பக்கத்துக்கான ஃபோர்ஹேண்ட் கேட்டால், "அவசரப்படாத தம்பி, மொதல்ல இது கையில படியட்டும்" என்பார். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போட்டியில் எனக்கு எதிராக அவரே நின்றார். ஒரு பந்துகூட இடப்பக்கம் வரவில்லை. பதினொன்றுக்குப் பூஜ்யம். "வெளையாட்டுன்னா அப்படித்தான் தம்பி" என்று தோளில் தட்டினார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது சட்டை துவைத்துப் போட்டவன் நான்!

இப்போது மேசையின் ஒரு பாதியை நிமிர்த்தி வைத்து, அதில் அடித்துத் தனியாக ஃபோர்ஹேண்ட் பழகுகிறேன். என் பழைய கேன்வாஸ் ஷூவை அனுப்பு. அதற்குள் பாப்பாவின் சாக்ஸ் ஒன்றையும் வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. "வா தம்பி, எடம் போட்டிருக்கேன்" என்று அண்ணன் கூப்பிடுகிறார். போகிறேன். இங்கே என்னைத் தமிழில் கூப்பிட வேறு ஆளில்லை.

உன்னவன்