ஏரியில் குனிந்திருந்தவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மதி 'அம்மா எங்கே' என்று அழாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே.

பழவேற்காட்டுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எனக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. நேற்று டச்சுக் கல்லறைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில், வகுப்புப் பிள்ளைகளோடு பைனாகுலரும் கையுமாக நின்றேன். தூரத்துத் தண்ணீரில் வரிசையாகக் குனிந்த உருவங்கள். "அதோ பாருங்க, நாரைக் கூட்டம்!" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே குனிந்திருந்தவர்கள் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். ஈஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அதில் ஒருத்தி அவள் அம்மா ரங்கம்மாள்.

கரையேறியவளிடம் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். "இன்னா டீச்சர், நான் கொக்கா, நாரையா? நல்லா பாத்து சொல்லு" என்றாள். நானும் சிரித்துவைத்து, பைனாகுலரை முந்தானைக்குள் மறைத்தேன்.

நீ நாற்று நட்டுத்தானே அம்மா என்னைப் படிக்கவைத்தாய்? ரோட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு நீயும் அப்படித்தானே தெரிந்திருப்பாய்?

சேற்றுப்புண்ணுக்கு நீ அரைத்துப் பூசும் மருந்தை எப்படிச் செய்வது என்று எழுது. ரங்கம்மாளுக்கு விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கிறது. மதியின் சட்டை ஒன்றும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். முதல் பாடமே ஈஸ்வரி வகுப்பில்.

உன் மகள்,
தமயந்தி